அரை நிமிஷச் சாவி

பல்லி மேலே விழுந்தால் தெருவையே கூட்டுகிற ஆள் நான். பஸ் டயர் வெடித்தால் கண்டக்டருக்கு முன்னால் கீழே குதித்திருப்பேன். வீட்டில் கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். அப்படிப்பட்டவன் ஒரே ஒரு தடவை அசையாமல் நின்றேன்.

ஐம்பதுகளில் ஓசூரில் நாங்கள் மூன்று பேர், இன்டர்மீடியட் விடுமுறையில் சும்மா இருந்தோம். ஒருவனுடைய மாமா பெங்களூரில் போட்டோ ஸ்டூடியோவில் இருந்தார். கைக்குள் அடங்கும் சினிமா கேமராவையும் ஒரே ஒரு ஃபிலிம் சுருளையும் ஒரு வாரத்துக்குக் கொடுத்தனுப்பினார். மொத்தம் நாலு நிமிஷப் படம், சத்தம் வராது. கடிகாரம் மாதிரி சாவி கொடுத்தால் அரை நிமிஷம் கிர்ரென்று ஓடி, டக்கென்று நின்றுவிடும்.

மாமாவின் மருமகன்தான் ஹீரோ. கேமரா அவன் வீட்டுச் சொத்து, வேறு யார் ஹீரோவாக முடியும்? வீட்டில் கன்னடம் பேசுகிறவன். வில்லன் தெலுங்குக்காரன், மீன் மாதிரி நீந்துவான். கதையும் கேமராவும் நான். திகில் படம். நகையைத் திருடிய வில்லன், கல் வெட்டிக் கைவிட்ட, தண்ணீர் தேங்கிய ஒரு குழியில் தவறி விழுந்து மூழ்குகிறான். ஹீரோ அவனைத் திரும்பியும் பார்க்காமல் கேமராவை நோக்கி நடந்து வருகிறான். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான் கோடு போட்டு எழுதியிருந்தேன். அதில் ஒரு கம்பீரம் இருப்பதாக எனக்கு எண்ணம்.

ஃபிலிம் ஒன்றுதான் என்பதால் நான்கு நாள் ஃபிலிம் இல்லாமலே ஒத்திகை பார்த்தோம். வில்லன் புல்தரையில் படுத்துக்கொண்டு மூழ்குவான். சத்தம்தான் வராதே, வாய்க்கு வந்ததைக் கத்துவான்.

"ரெண்டு மசால் தோசை! ஒரு காபி! ஐயோ, பில்லை கதாசிரியர் தலையில போடுங்க!"

"சாவுடா சீக்கிரம், வெயில் ஏறுது" என்பான் ஹீரோ.

ஐந்தாம் நாள் காலையில் சாவியை முழுக்க முறுக்கி, பட்டனை அழுத்தினேன். வில்லன் குழியில் விழுந்தான். கழுத்தளவு தண்ணீரில் கைகளை அடித்துக்கொண்டு, "ரெண்டு இட்லி!" என்றான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை, கேமரா குலுங்கியது. ஹீரோ திரும்பாமல் நடந்து வந்தான். அவனுக்குப் பின்னால் தண்ணீர் வில்லனின் வாய்வரை ஏறியது.

"ஒரேய், காலு சிக்குக்குந்திரா!"

கால் மாட்டிக்கொண்டது என்று அர்த்தம். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். அடுத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான், இரண்டு தடவை. பிறகு தலை மேலே வரவில்லை, கை மட்டும் தெரிந்தது.

நான் நின்றேன். கேமராக் கண்ணாடிக்குள் ஒரு சின்னக் கை, ஒரு பெரிய ஹீரோ. பயம்கூட இல்லை. காது அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். விரல் பட்டன் மேலேயே கிடந்தது. டக்கென்று கேமரா நின்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான், காட்சி முடிந்தது என்று ஹீரோ திரும்பினான்.

பார்த்தான், ஓடினான், குதித்தான். பாறை இடுக்கில் மாட்டியிருந்த காலை இழுத்தெடுக்க அவன் இரண்டு முறை முங்க வேண்டியிருந்தது. கணுக்காலில் தோல் உரிந்து வந்துவிட்டது.

"ஏன்டா, கூப்பிட்டிருக்கலாமில்ல?" என்றான் ஹீரோ, மூச்சு வாங்கிக்கொண்டு.

"நடிக்கிறான்னு நெனச்சேன்."

வில்லன் குப்புறப் படுத்துத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். அவனும் நம்பிவிட்டான் என்று எடுத்துக்கொண்டேன். அதில் எனக்குச் சௌகரியம் இருந்தது.

சுருள் தபாலில் பம்பாய் போய், கழுவித் திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஸ்டூடியோவின் பின்னறையில் மாமா வேட்டியைத் திரையாகக் கட்டி ஓட்டிக் காட்டினார். வில்லன் இன்னும் லேசாக நொண்டியபடி வந்து எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். குழிக் காட்சி வந்தது. படம் குலுங்கிக் குலுங்கி ஓடியது.

"இங்க நீ சிரிச்சிட்டிருக்கே" என்று என் காதோரம் சொன்னான்.

திரையில் அவன் வாய் அகலத் திறந்தது. அந்த இடத்தில் குலுக்கல் நின்றது. அதற்கப்புறம் கல்லில் செதுக்கின மாதிரி ஒரு படம். கை மட்டும் கொஞ்ச நேரம் ஆடியது, அவனுடைய கை.

"இங்க உனக்குப் புரிஞ்சிடுச்சு."

ஏதாவது சொல்ல வேண்டுமே. "கேமராவை ஸ்டாண்டுல வெச்சிருந்தேன்டா" என்றேன். எங்களிடம் ஸ்டாண்டே கிடையாது.

"நடுவுல போய் வாங்கியாந்தியா?"

நான்தான் முதலில் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. மாமா விளக்கைப் போட்டு, "கடைசியில பையன் நடிப்பு பிரமாதம்பா!" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவன் ஹீரோவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். நான் பின்னால் ஜன்னலோரம். எல்லை ஊரான அத்திப்பள்ளி வரும்வரை எனக்கு வெட்கமோ வருத்தமோ எதுவுமே தோன்றவில்லை. அத்திப்பள்ளி தாண்டியும்தான்.