யாரும் இறக்காத பேக்கேஜ்

எங்கள் ஆபீஸில் மவுஸைத் தொடாத ஆள் ஒருவன் இருந்தான். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். தினமும் பஸ் பிடித்துத் தஞ்சாவூர் வருவான். வயதில் என்னைவிடச் சின்னவன், அக்கா என்று கூப்பிடுவான். வாய் மட்டும் கொஞ்சநஞ்சமில்லை. நான் மவுஸைப் பிடித்துக்கொண்டு எதையாவது தேடுவதைப் பார்த்துவிட்டால் போதும், "என்னக்கா, மாவாட்டுறீங்களா?" என்பான். கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டி என்டர் அடிப்பான். நான் அவ்வளவு நேரம் தேடியது அங்கே வந்து நிற்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இருந்தாலும் அவன் விரல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலவும் இருக்கும்.

நெல் உலர்த்தும் டிரையர்களுக்கு மென்பொருள் எழுதுகிற சின்னக் கம்பெனி எங்களுடையது. ரைஸ்மில்லில் டிரையருக்குப் பக்கத்தில் ஒரு கண்ட்ரோல் பெட்டி இருக்கும். எவ்வளவு சூடு வைப்பது, ஈரப்பதம் எங்கே வந்ததும் நிறுத்துவது என்பதையெல்லாம் அதற்குள் இருக்கும் மென்பொருள்தான் முடிவு செய்யும். எழுதி, சோதித்து, கட்டி முடித்த ஒவ்வொரு பதிப்பும் ஒரு பேக்கேஜாக எங்கள் சர்வரில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தச் சேமிப்பைத்தான் ரெப்போ என்போம். மில்லில் பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததும் அது நெட் வழியாக இங்கே வந்து தனக்குரிய பேக்கேஜை இறக்கிக்கொள்ளும். சோதிப்பது என் வேலை. ரெப்போ அவன் பொறுப்பு.

பொறுப்பு என்றால் சாதாரணப் பொறுப்பா! எது எந்த மாடலுக்கு, எது அரைகுறை, எதை மில்லுக்கு அனுப்பலாம் என்று ஒவ்வொன்றுக்கும் அடையாளம் போட்டு வைத்திருப்பான். எதையாவது அழிக்க வேண்டும் என்றால் அந்தக் கட்டளையை முதலில் ஒத்திகையாக ஓடவிடுவான். எதெல்லாம் போகும் என்று திரை காட்டும், ஆனால் ஒன்றும் போகாது. அதை மேலிருந்து கீழ்வரை உதடசைத்துப் படிப்பான். அந்த நேரத்தில் நான் டீ குடிக்கக் கூப்பிட்டால்கூட உள்ளங்கையைக் காட்டி நிறுத்துவான். வாய் ஓயாத அந்த ஆள் வாயை மூடிக்கொண்டிருப்பது அப்போது மட்டும்தான். அந்த வேலை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

ஐப்பசியில் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. சர்வரில் இடம் நிரம்பிவிட்டதாம். ஆறு மாதமாக யாரும் இறக்காத பேக்கேஜ்களையெல்லாம் அழித்துவிட வேண்டுமாம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. இவன் வழக்கம்போல ஒத்திகை ஓட்டினான். பாதி படித்ததும் "அடப்பாவிகளா" என்று சத்தமாகச் சொன்னான். பழைய மாடல் டிரையரின் பேக்கேஜ் அந்த வரிசையில் இருந்தது. அதைக் கட்டிய பழைய மென்பொருள் கருவிகள் எதுவும் இப்போது எங்களிடம் இல்லை. போனால் போனதுதான், திரும்பக் கட்ட முடியாது.

சென்னை மேலாளருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"பிப்ரவரிக்கு அப்புறம் அதை ஒருத்தரும் தொடலையேப்பா?" என்றார் அவர்.

"அறுப்பு முடிஞ்சப்புறம் எதுக்கு சார் தொடுவாங்க? அந்த மாடல் இருக்கிற மில்லெல்லாம் தரங்கம்பாடிப் பக்கம், கடைமடை சார். தண்ணி கடைசியாத்தான் போய்ச் சேரும். குறுவை கெடையாது, சம்பா ஒரு போகம்தான். தையில அறுப்பாங்க, அப்பதான் பெட்டியைப் போடுவாங்க."

அவர் நல்ல மனிதர், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஒரு வழியும் சொன்னார்: "சரி, இந்த அறுப்பு வரைக்கும் பார்ப்போம். ஒரு மில்லாவது இறக்கினா சர்வருக்கு இடம் வாங்கித் தர்றேன், நீயே பார்த்துக்க. இல்லைன்னா அதை அழிச்சிடணும்."

இவன் என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். ஜெயித்துவிட்ட மாதிரி சிரிப்பு வேறு.

தை வந்தது. அந்த வருடம் அடித்த வெயில் இருக்கிறதே, அப்படி ஒரு வெயில்! மேகத்தைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. கும்பகோணம் ரோட்டில் ஒரு பாதி முழுக்க நெல்லைக் கொட்டிக் காயவைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் பஸ்ஸும் லாரியும் ஒதுங்கி ஒதுங்கிப் போயின. ரோடே டிரையராக இருக்கும்போது டிரையரை யார் தேடுவார்கள்? இவன் தினமும் காலையில் வந்ததும் ஒரு வரி தட்டுவான். கடைசியாக இறக்கியது போன வருஷம் பிப்ரவரி என்று திரை சொல்லும். மறுநாளும் அதையேதான் சொல்லும்.

எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. தரங்கம்பாடிப் பக்கத்து மில்லுக்கு நானே போன் போட்டேன். மில் நடத்துகிற அம்மாதான் எடுத்தார்.

"டிரையர் இருக்குங்களாம்மா? இந்த வருஷம் போடலையா?"

"இருக்குதும்மா, படுதா போட்டு மூடி வச்சிருக்கேன். இந்த வெயில்ல எவன் டீசலை எரிப்பான்? மழை புடிச்சுக்கிச்சுன்னா அதுதான் எனக்குத் தெய்வம். போன தடவை அது இல்லைன்னா ஊர் நெல்லு பூரா மொளைச்சுப் போயிருக்கும்."

போனை வைத்ததும் எழுந்தேன். அவனிடம் போய், "ஏன்டா, நீயே ஒரு தடவை இறக்கிப்புட்டா என்ன? ஒரு வரி தட்டுற வேலை. தேதி மாறிடும். சென்னையில யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியுமேக்கா" என்றான். "இந்தத் தேதியை நம்பித்தானே எதை வைக்கிறது, எதை அழிக்கிறதுன்னு முடிவு பண்றோம்? அதுலயே நான் பொய்யை ஏத்திட்டா, அப்புறம் இந்த ரெப்போவுல எதை நம்புறது?"

"அப்ப மழை வரணும்னு வேண்டிக்க" என்று எரிந்து விழுந்தேன்.

அவன் முகம் மாறிவிட்டது. "அக்கா, வாயைக் கழுவுங்க. எங்கப்பா நெல்லு ரோட்டுல கெடக்கு. காலையில நான்தான் கிண்டிவிட்டுட்டு வந்தேன். ஒரு தூறல் போட்டாலும் கொள்முதல் நிலையத்துல ஈரம்னு திருப்பி அனுப்பிடுவாங்க. என் வேலைக்காக ஊரு நெல்லு நனையணுமா?"

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல ஆகிவிட்டது. அதன்பின் வானத்தைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. அவன் மட்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நின்று மேலே பார்ப்பான். மேகம் இல்லையென்றால் நிம்மதியாக உள்ளே வருவான். எத்தனை பேருக்கு வரும் அந்த மனசு?

மாசி பாதியில் அறுப்பு முடிந்தது. ஒரு மில்லும் இறக்கவில்லை. மேலாளர் போனில் வந்தார்.

"என்னப்பா, யாருக்கும் தேவைப்படலை போலிருக்கே. அழிச்சிடலாமா?"

"இந்த வருஷம் வெயில் சார். அடுத்த வருஷம் மழை பேஞ்சா அந்த நெல்லு என்ன சார் ஆகும்? அங்க சென்னையில பெரிய சர்வர் இருக்குல்ல, அதுல வைக்க முடியாதா?"

"முடியும். ஆனா அதை மட்டும் தனியா வைக்க முடியாது. மொத்த ரெப்போவும் இங்க வந்துடும். அப்புறம் இங்க இருக்கிறவங்கதான் பார்ப்பாங்க. நீ அதுல கை வைக்கவே முடியாது. மில்காரங்க போனை எடுத்துப் பேசுற வேலைதான் இருக்கும். நல்லா யோசிச்சுச் சொல்லு. அந்த ஒண்ணை அழிச்சா மத்ததெல்லாம் உன்கிட்டயே இருக்கும்."

வேண்டாம்டா, அழித்துத் தொலை என்று நான் கையை ஆட்டினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை.

"எடுத்துக்குங்க சார்" என்றான்.

அந்த வாரமே எல்லாவற்றையும் சென்னைக்கு ஏற்றினான். ஏற்றிய ஒவ்வொரு பேக்கேஜும் இங்கே இருந்தபடியே அங்கே போய்ச் சேர்ந்ததா என்று ஒப்பிட்டான். பழைய மாடல் பேக்கேஜுக்குச் 'சம்பா, கடைமடை, அழிக்க வேண்டாம்' என்று தனி அடையாளம் போட்டான். கடைசியாக மிச்சமிருந்தது ஒன்றுதான். ரெப்போவுக்குள் போக அவனுக்கு இருக்கும் அனுமதியை எடுத்துவிட வேண்டும். அதை அங்கிருந்தே செய்துகொள்கிறோம் என்று சென்னையில் சொன்னார்கள். நானே செய்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். அனுமதியை நீக்கும் கட்டளையில் தன் பெயரைத் தட்டினான். முதலில் ஒத்திகை ஓட்டினான். வந்த அந்த ஒற்றை வரியை உதடசைத்துப் படித்தான். பிறகு நிஜமாகவே ஓட்டினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவனோ எழுந்திருக்காமல், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் வரியைத் தட்டி என்டர் அடித்தான். திரை ஒரு பேக்கேஜைக்கூடக் காட்டவில்லை.

"அனுமதி இல்லையாம்க்கா" என்றான். "சரியாத்தான் எடுத்திருக்கேன்."