குடும்ப வண்டிக்கு வாங்கிய டயர்கள்

எங்கள் வேனின் நான்கு டயர்களும் தேய்ந்து வழவழப்பாகிவிட்ட சமயத்தில்தான் மகளுக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சை நடந்தது. அவளுக்கு அப்போது இரண்டரை வயது. தையல் ஆறும்வரை குலுங்காமல் பார்த்துக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் போடியிலிருந்து தேனிக்கு வாரம் ஒருமுறை அவளைக் காட்டக் கொண்டுபோக வேண்டும். எங்கள் வேன் வேகத்தடையில் ஏறி இறங்கினால் பெரியவர்களுக்கே பல்லோடு பல் மோதும். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள்.

அந்த வேன் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் எங்களுக்கு. மற்ற நாட்களில் விடியும் முன்பே என் கணவர் சிலமலையிலும் போடியிலும் பதின்மூன்று பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் காய் எடுக்க விடுவார். சாயங்காலம் கூட்டிவருவார். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை நம்பர் பலகை வண்டி அது. அதில் வேலையாட்களை ஏற்றக் கூடாது. அதனால் யார் கேட்டாலும் சொல்வதற்கு எங்களிடம் ஒரே பதில் இருந்தது: சொந்த வண்டி, சொந்தக்காரர்கள். செக்போஸ்ட்டில் கேட்டால் உள்ளே இருக்கும் பெண்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவார்கள். நானும் பக்கத்து வீட்டில், அங்கன்வாடியில் எல்லாம் அப்படியே சொல்லிப் பழகியிருந்தேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே வராது.

நான் கணிதம் படித்தவள். டயர் வாங்கும் முன், மகள் தூங்கும் மத்தியானங்களில் கைபேசியில் தேடித் தேடிப் படித்தேன். அகலம், உயரம், உள்ளே இருக்கும் சக்கரத்தின் அளவு என்று ஒரு நோட்டில் எழுதிக் கணக்குப் போட்டேன். போட்டதை மறுபடி போட்டேன். கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் எடுத்துப்போனேன்.

கடைக்காரர் என் கணவருக்குத் தெரிந்தவர். "பதினாலு இன்ச்சு வீலு போட்ருவோம்ணே. கல்லுப் பாதைல அடி வாங்காது" என்றார் என் கணவர்.

"வேண்டாங்க. இது பதிமூணு இன்ச்சு வண்டி. கொண்டை ஊசி வளைவுல முழுசா ஒடிச்சா மேல தகரத்துல உரசும். மீட்டர் காட்டுற வேகமும் தப்பாயிரும்" என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "என்ன மாப்ளே, ஆர்.டி.ஓ. ஆபீச வீட்லயே வச்சிருக்கியா?"

"அத ஏண்ணே கேக்குறீங்க. தெனமும் டெஸ்ட்டு. இன்னும் பாஸாகல."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தக் கணக்கு சரியான கணக்கு. இன்றுவரை அதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

பிள்ளைக்கு ஆபரேஷன் ஆகியிருப்பதைச் சொல்லி, குலுங்காத டயராகக் கேட்டேன். கழற்றிய பழைய டயரைக் கடைக்காரர் காலால் தட்டினார். "இது லோடு வண்டி டயரு, தங்கச்சி. கல்லு மாதிரி இருக்கும். ஆமா, வண்டில என்ன ஏத்துறீக? ஆளா, மூட்டையா?"

"எதுவும் ஏத்துறதில்லண்ணே. குடும்ப வண்டிதான்."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. என் கணவர் ஒருமுறை என்னைப் பார்த்துவிட்டுத் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்கும் அதே பழக்கம்தான்.

"அப்பறம் எதுக்கு இதப் போட்டு இடி வாங்குறீக? அதே பதிமூணு இன்ச்சுல கார் டயரு தர்றேன். பிள்ள அலுங்காமப் போகும்."

கார் டயர் பழையதைவிட அகலமாக இருந்தது. அகலமானது பலமாகத்தானே இருக்கும் என்று நினைத்தேன். நான்கையும் மாற்றினோம். அந்த வாரம் தேனிக்குப் போகும் வழியெல்லாம் மகள் என் மடியில் தூங்கினாள். நல்ல முடிவு எடுத்தோம் என்று நினைத்தேன். என் வாழ்க்கையில் அப்படி நினைத்த நாட்கள் குறைவு.

தோட்டத்துப் பெண்களுக்கும் சந்தோஷம். "என்னப்பா, வண்டி மெத்த மாதிரி போகுது? எங்களத் தூங்க வச்சு எங்கயாச்சும் வித்துட்டு வந்துராத" என்று ஒரு அக்கா சொன்னாராம். "ஒன்னய எவன்க்கா வாங்குவான்?" என்று இவர் சொல்ல, மலை இறங்கும்வரை ஒரே சிரிப்பாம். வீட்டுக்கு வந்து சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சாயங்காலம், பதின்மூன்று பேரோடு இறங்கி வரும்போது பின்னால் இடது டயர் வெடித்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் என் கணவர் வண்டியை மலைப் பக்கம் ஒடித்துப் பாறையில் உரசி நிறுத்தினார். யாரும் சாகவில்லை. இடது ஜன்னலோரம் கையை வெளியே வைத்து உட்கார்ந்திருந்தவர் அந்த அக்காதான். இடது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

ஆஸ்பத்திரியில் போலீஸ்காரர் விசாரித்தார். "விசேஷத்துக்குப் போய்ட்டு வந்தோம் சார். எல்லாம் சொந்தக்காரங்க" என்றார்கள் பெண்கள்.

"தூக்குவாளியோடயா விசேஷம்?"

"அங்க சாப்பாடு நல்லாருக்காது சார்."

யாரும் சிரிக்கவில்லை. என்னையும் கேட்டார். சொந்தக்காரங்கதான் என்றேன்.

மறுநாள் வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூண்டின் மேல் கிடந்த பழைய டயரையும், வெடித்த டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அளவுக்கு அடுத்து ஒரு எண் இருந்தது. பழையதில் எண்பத்தெட்டு, புதியதில் எழுபத்தொன்பது. கடையிலேயே அதைப் பார்த்திருந்தேன். கம்பெனி போடும் ஏதோ வரிசை எண் என்று விட்டுவிட்டேன். அந்த எண்தான் டயர் எவ்வளவு எடை தாங்கும் என்பதற்கான குறியீடு. பழையது ஐந்நூற்றறுபது கிலோ. புதியது நானூற்று முப்பத்தேழு. கடைக்காரருக்கு இது தெரியாமலா இருக்கும்? அதற்காகத்தான் வண்டியில் என்ன ஏற்றுகிறோம் என்று அவர் கேட்டார். எத்தனையோ பேரிடம் அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். உண்மை தெரிந்தே ஆக வேண்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரு வாரம் பொறுத்து சிலமலைக்குப் போய் அந்த அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்காகத்தான் அந்த டயரைக் கேட்டேன் என்பதையும் சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"வேற யாருட்டயும் சொல்லிட்டுத் திரியாத. வண்டிய நிப்பாட்டிட்டாங்கன்னா இவளுக எல்லாம் எதுல ஏறி மேல போவாளுக? நடந்தா?" பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "திங்கக்கெழமைல இருந்து என் மக வர்றா. காலேஜு போதும்னு சொல்லிட்டேன். எடம் போட்டு வைக்கச் சொல்லு."

திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். திட்டியிருக்கலாம்.

வண்டியைச் சரிசெய்து, இந்த முறை உண்மையைச் சொல்லி லோடு டயரே போட்டோம். திங்கட்கிழமை விடியுமுன், சிலமலையில் ஆள் ஏற்றிக்கொண்டு வண்டி எங்கள் தெரு வழியாகப் போனபோது வாசலில் நின்று பார்த்தேன். அந்தப் பெண் தன் அம்மா உட்கார்ந்த ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

அன்றே மறுபடி கணக்குப் போட்டேன். டயர் மட்டும் தாங்கினால் போதாது. வண்டி மொத்தமாக எவ்வளவு சுமக்கலாம் என்று அதன் புத்தகத்தில் போட்டிருக்கிறது. ஆளுக்கு ஐம்பது கிலோ என்று வைத்தாலும், ஓட்டுகிறவரைத் தவிர பத்துப் பேருக்கு மேல் ஏற்ற முடியாது. முன்னாலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கலாம். அப்போது குலுக்கலை மட்டும்தான் பார்த்தேன்.

என் கணவரிடம் நோட்டைக் காட்டினேன். வரிவரியாகப் படித்தார். கோபப்படவில்லை.

"சரி, மூணு பேரு வேணாம்னு சொல்லிர்றேன். யார் யாருன்னு நீயே சொல்லு."

கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் கழிப்பதுதான் இங்கே முறை. கடைசியாகச் சேர்ந்தவள் அந்த அக்காவின் மகள்.

நான்கு நாட்களாகிறது. இன்னும் பதில் சொல்லவில்லை. இன்று காலையும் பதின்மூன்று பேர்தான் ஏறிப் போனார்கள்.