எனக்கு வந்த நீர்க்கடுப்பு

எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகள் எங்கே வேண்டுமானாலும் ஒண்ணுக்கு உட்காரலாம். வேலியோரம், வாய்க்கால் கரை, கோயில் மதிலுக்குப் பின்புறம், எதுவும் தப்பில்லை. பார்த்தவர்கள் "பிள்ளை ஒண்ணுக்கு இருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். அதே பிள்ளை தாவணி போட்டுவிட்டால் தீர்ந்தது. விடியுமுன் ஒரு தடவை, இருட்டியபின் ஒரு தடவை, காட்டுப் பக்கம். நடுவில் வந்தால் அது வந்தவளுடைய குற்றம். ஆண்களுக்கு இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. மகராசன்கள், நினைத்த இடத்தில் ஒதுங்கினார்கள்.

இதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. ஐந்து வயதில் தெரியாது. அதனால்தான் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போன அன்று எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடின. வண்டியின் பின்னால் ஒரு பெரிய இரும்பு உருளை இருக்கும். அதில் கரியைப் போட்டு மூட்டி, கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால், பெரிய மனது பண்ணி வண்டி நகரும். மாட்டுவண்டிக்காரன்கூடச் சிரித்துக்கொண்டே முந்திப் போவான். மதுரையில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அம்மா தம்பியைப் பெற்றுப் படுத்திருந்ததால் என்னைச் சித்தப்பாவோடு அனுப்பினார்கள். கூடவே சித்தியும் அத்தையும். சித்தி, எங்கள் வீட்டுக்கு வந்த புது மருமகள், அவள் கல்யாணச் சேலை இன்னும் மொடமொடவென்று இருந்தது. அத்தை, அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் அக்காள். புருஷன் போனபின் எங்களோடு வந்து இருந்துகொண்டு, வீட்டுச் சாவிக்கொத்தையும் எல்லோருடைய வாயையும் சேர்த்துத் தன் இடுப்பில் செருகி வைத்திருந்தாள்.

கொஞ்ச நாளைக்கு முன்னால்தான் எங்கள் தெருவில் ஒரு மருமகளைப் பெட்டியோடு தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அவளுக்கு ஏதோ சீக்கு என்று பேச்சு. திரும்பக் கூப்பிட யாரும் போகவில்லை. அத்தைக்கு அந்தக் கதை வாய்க்கு அவல் மாதிரி. "சீக்குக்காரிய மறைச்சுக் கட்டிக் குடுத்தா பின்ன என்ன செய்வாக? நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்" என்பாள். சித்தி அரிசி புடைத்தபடியே தலையாட்டுவாள்.

பஸ்ஸில் நான் சித்தி மடியில் இருந்தேன். கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் சித்தி என் காதோரம் குனிந்தாள்.

"ஏத்தா, ஒனக்கு ஒண்ணுக்கு வருதுல்ல?"

நான் யோசித்துப் பார்த்தேன். "இல்லையே சித்தி."

"வரும். வருதுன்னு சொல்லு தங்கம்."

சரி, பெரியவர்கள் சொன்னால் இருக்கும். எனக்குப் பசிப்பது எனக்குத் தெரியுமுன்னே அம்மாவுக்குத் தெரிந்துவிடுவதில்லையா? "சித்தப்பா, ஒண்ணுக்கு வருது" என்று கத்தினேன்.

நல்லவேளையாகக் கப்பலூர்ப் பக்கம் கரி கிளற வண்டியை நிறுத்தினார்கள். சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு உடைமரப் புதர்களுக்குள் ஓடினாள். நான் உட்காரப் போனேன். "நீ உக்காராதத்தா. ரோட்டைப் பாத்து நில்லு. ஆளு வந்தா சொல்லு" என்றாள். வருவது எனக்கென்றால் நான் எதற்கு நிற்க வேண்டும்? நின்றேன். முதுகுக்குப் பின்னால் சித்தி பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். எழுந்து வந்தபோது அவள் கண் நிறையத் தண்ணீர்.

"முள்ளு குத்திருச்சா சித்தி?"

"ஆமா."

காலைப் பார்த்தேன். முள் எதையும் காணோம்.

வண்டி கிளம்பி நாலு புளியமரம் தாண்டவில்லை, மறுபடியும் காதோரம் சித்தியின் மூச்சு. "ஒனக்கு வருதுத்தா. சொல்லு." இந்தத் தடவை எனக்குப் பயமாகவே இருந்தது. என் வயிற்றுக்குள் என்னென்னவோ எனக்குத் தெரியாமல் நடக்கிறதே. சொன்னேன். சித்தப்பா கண்டக்டரைக் கெஞ்சினார். "அண்ணே, செத்த நிறுத்துங்கண்ணே. பிள்ளைக்கு முடியலையாம்."

"இப்பத்தான எறங்குச்சு? நிறுத்துனா இது மறுபடி கிளம்பாது மாப்ள, சொல்லிட்டேன்" என்றார் கண்டக்டர். ஆனாலும் பிள்ளையாயிற்றே, நிறுத்தினார்.

சித்தி என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். அதற்குள் அத்தை கையை நீட்டிவிட்டாள்.

"நீ உக்காரு. பட்டுச் சேலையோட எத்தனை தடவை முள்ளுக்குள்ள போவ? நான் கூட்டிட்டுப் போறேன்."

"இல்ல மதினி, நானே..."

"உக்காருன்னா."

சித்தி உட்கார்ந்தாள். அத்தை என்னை ஒரு மரத்தடியில் விட்டுவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். நான் உட்கார்ந்து முக்கினேன். மண்ணைப் பார்த்தேன், எறும்பைப் பார்த்தேன். பஸ்ஸிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன.

"வரலை அத்தை."

"பின்ன எதுக்குடி வருதுன்ன?"

"சித்திதான் வருதுன்னாக."

"ஒனக்கு வர்றது அவளுக்கு எப்படித் தெரியும்?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. அத்தை என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி, என்னைக் கொண்டுபோய்ச் சித்தி மடியில் போட்டாள். "பிள்ளை வரலைங்குது. நீதான் சொல்லச் சொன்னியாம்ல?" என்று சித்தியை உற்றுப் பார்த்தாள். சித்தப்பா வெளியே மைல்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி முகம் வெளுத்துப்போனது.

"நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு மதினி, அதான்" என்றாள்.

நான் நெளியவே இல்லை. அதைச் சொல்ல வாயெடுத்தேன். சித்தியின் கை என் வயிற்றைச் சுற்றி இறுக்கிய இறுக்கில் பேச்சு வரவில்லை. 'நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்' என்று சொன்ன வாய் அவளுக்கு எதிரேயே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தது.

அதற்குப்பின் வண்டியை நிறுத்தச் சொல்ல ஆளில்லை. ஒவ்வொரு குழியிலும் வண்டி இறங்கி ஏறும்போது சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவள் நெற்றி வியர்வை என் கழுத்தில் விழுந்தது. திருப்பரங்குன்றம் மலை பெரிதாகிக்கொண்டே வந்தது, நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பின்பக்கம் சூடாக நனைந்தது. தொட்டுப் பார்த்தால் பாவாடை ஈரம். சித்தியின் சேலையும் ஈரம்.

நானா? வந்தது எனக்குத் தெரியவே இல்லையே. ஆனால் நனைந்தது என் பாவாடை. மடியில் இருப்பதும் நான்தான். அத்தனை பேர் இருந்த வண்டியில் ஐந்து வயதுக்காரி வேறு யாரும் இல்லை.

"பிள்ளை மடியிலயே ஒண்ணுக்கு இருந்துருச்சு மதினி" என்றாள் சித்தி.

அத்தை என் முதுகில் ஒன்று வைத்தாள். "எறக்கிவிட்டா வரலையாம், மடியில வருதாம். இம்புட்டுப் பெரிய கழுதை ஆகியும் புத்தி வரலை பாரு." பஸ் முழுக்கச் சிரித்தது. பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள், "விடுங்கத்தா, பச்சைப் பிள்ளை. அந்தப் பொண்ணுதான் பாவம், புதுச் சேலை போச்சு" என்றாள். எனக்கு அவமானம் தாங்கவில்லை, ஓவென்று அழுதேன். என்னைவிடச் சித்திதான் அதிகம் அழுதாள். என் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உச்சியில் முத்தமாகக் கொடுத்தாள். சேலையைப் பாழாக்கினால் முத்தம் கிடைக்கும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

கல்யாண வீட்டுக் கிணற்றடியில் சித்தியே என்னைக் குளிப்பாட்டினாள். பந்தியில் தன் இலையிலிருந்த லட்டை எடுத்து எனக்கு வைத்தாள். ஊர் திரும்பியதும் அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள், பிள்ளைக்கு நீர்க்கடுப்பு என்று. நெருஞ்சிமுள்ளை இடித்துப் போட்டுச் சுண்டக் காய்ச்சி, ஒரு டம்ளர் கஷாயத்தை என் முன்னால் நீட்டினாள். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன்.

"குடுங்க மதினி, நான் குடிக்க வைக்கிறேன்" என்று சித்தி வாங்கிக்கொண்டாள்.

தினமும் காலையில் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போவாள். என் நாக்கில் ஒரு சொட்டு வைப்பாள். நான் முகத்தைச் சுளிப்பேன். மிச்சத்தை அண்ணாந்து ஒரே மூச்சில் தானே குடித்துவிட்டு, என் உதட்டைத் துடைத்துவிடுவாள். எனக்காக இவ்வளவு செய்கிறாளே என்று எனக்கு நெஞ்சு பொங்கும். என் மடியில் ஒளித்து வைத்திருக்கும் கருப்பட்டியைக் கடித்துப் பாதி கொடுப்பேன்.

ஒருநாள் அத்தை என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். "எப்படிடி இருக்கு? போறப்ப எரியுதா? கொறைஞ்சிருக்கா?"

எங்கே எரியும்? எது குறையும்? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அத்தைக்குப் பின்னால் நிலைப்படியைப் பிடித்தபடி சித்தி நின்றாள். என் வயிற்றைப் பற்றித் தெரிந்தவள் அவள்தானே என்று அவள் முகத்தைப் பார்த்தேன். சித்தி மெல்ல விரலைக் காட்டினாள், இம்புட்டு என்பதுபோல.

"இன்னும் கொஞ்சம் எரியுது அத்தை" என்றேன்.

"அப்ப இன்னும் ஒரு வாரத்துக்குக் குடிக்கணும்" என்று அத்தை நெருஞ்சி பறித்து வர ஆள் அனுப்பினாள்.

சித்தி அன்றைக்கு என்னை இடுப்பிலிருந்து இறக்கவே இல்லை. கொட்டத்துக்கும் கிணற்றுக்குமாகத் தூக்கிக்கொண்டே அலைந்தாள், கன்னத்தைக் கடித்தாள், வந்த நாளிலிருந்து சிரிக்காத சிரிப்பெல்லாம் சிரித்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. சீக்கு எனக்கு, இன்னும் ஒரு வாரம் கஷாயம் எனக்கு, இவளுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?