ஒன்பதாம் நம்பர் அட்டை

சூசை போய்விட்டார். நேற்று மதியம் அவர் மகள் போன் செய்து சொன்னாள்.

நாலு தடவை எழுதி அழித்துவிட்டேன். இதை இங்கே போடலாமா என்று இப்போதும் தெரியவில்லை... போடாவிட்டால் இனி யாரிடமும் சொல்ல மாட்டேன் என்பது மட்டும் தெரிகிறது.

உங்களில் பலருக்கு அவரைத் தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே பம்ப் கம்பெனி. நான் டிராயிங் செக்‌ஷன், அவர் டூல் ரூமில் லேத் டர்னர். நான் பேப்பரில் போட்ட கோட்டை இரும்பில் கொண்டுவருவது அவர் வேலை.

கேன்டீன் நோட்டீஸ் போர்டில் விண்வெளிச் செய்திகளை வெட்டி ஒட்டுவது என் பழக்கம். வியாழன் மேல் வால்நட்சத்திரம் மோதியது, வேறொரு சூரியனைச் சுற்றும் கிரகத்தைக் கண்டுபிடித்தது... யாரும் நிற்க மாட்டார்கள். சூசை மட்டும் டீ கிளாஸோடு நின்று கடைசி வரி வரை படிப்பார்.

செவ்வாயில் சின்ன வண்டி இறங்கிய படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏனுங்க சார், அங்க தண்ணி இருக்குதுங்களா?"

"ஒரு காலத்துல ஓடியிருக்கலாம்னு சொல்றாங்க."

"எத்தனை அடியில இருக்குதுன்னு கேட்டுச் சொல்லுங்க. நம்ம பம்ப் ரெண்டு அனுப்பிச்சுப்போடலாம்."

கேன்டீனே சிரித்தது. அது தொண்ணூற்றேழு. அதற்கு முன்பே அவர் வலது கண் போய்விட்டிருந்தது.

அதைத்தான் சொல்ல வந்தேன்.

தொண்ணூற்றைந்தில், தீபாவளிக்கு மறுநாள் காலை சூரிய கிரகணம். கம்பெனியில் விரும்பியவர்களுக்காக, பார்க்கும் அட்டைகள் செய்தேன். அட்டையில் ஓட்டை வெட்டி, முழுக்கக் கறுத்த பிளாக் அண்ட் ஒயிட் ஃபிலிமை இரண்டு அடுக்காக ஒட்டினேன். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டேன்.

எட்டு அட்டையோடு அந்த ஃபிலிம் தீர்ந்தது. ஸ்டூடியோக்காரர் கறுத்த கலர் ஃபிலிம் துண்டு ஒன்று கொடுத்தார். ஒன்பதாவதை அதில் செய்தேன்.

பார்வைக்கு ஒரே கறுப்புதான். ஆனால் கலர் ஃபிலிம் வெளிச்சத்தை மறைத்தாலும், கண்ணைச் சுடும் வெப்பத்தை விட்டுவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம். நிச்சயமில்லை. அதனால் அதை எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

காலையில் கம்பெனி கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் எட்டுப் பேர் வந்து எட்டு அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். சூசை வர முடியாது என்று சொல்லியிருந்தார். கடைசியில் வந்து நின்றார், கையில் பால் போசியோடு.

"ஊட்ல வெளிய போகக்கூடாதுன்னு ஒரே சத்தமுங்க. பால் வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். அட்டை தீந்துபோச்சுங்களா?"

மரநிழலைக் காட்டினேன். இலை இடுக்கு வழியே விழுந்த வெளிச்சமெல்லாம் தரையில் பிறை பிறையாகக் கிடந்தது. "இதுலயே தெரியும் பாருங்க, சூசை."

"நெழல்ல பாக்கறதுக்காங்க சார் பொய் சொல்லிட்டு வந்தேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எட்டுப் பேரில் ஒருவரிடம் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாம். கேட்கக் கூச்சம்... சட்டைப் பையிலிருந்த ஒன்பதாம் நம்பரைக் கொடுத்தேன்.

இடது கண்ணை மூடிக்கொண்டு, வலது கண்ணால் வெகுநேரம் பார்த்தார். லேத்தில் அளவு பார்ப்பது போலவே.

எனக்குச் சந்தேகம் இருந்தது. அதனால்தான் நான் பார்க்கவில்லை. சந்தேகம் இருந்ததை அவரிடம் சொல்லவும் இல்லை.

இரண்டு நாள் கழித்து மைக்ரோமீட்டரைத் தலையைச் சாய்த்துப் படித்தார். டூல் ரூம் பையன்கள் விடுவார்களா?

"என்னங்கண்ணா, கோழி புழுவைப் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

"புழு சின்னதா இருக்குதில்ல கண்ணு."

வலது கண்ணில் நேர் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. கண்ணுக்குப் பின்னால் இருக்கும் திரை வெந்துவிட்டது, இனி சரியாகாது என்றார் டாக்டர்.

மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். என்னையும் நிற்கச் சொன்னார்.

"வெறுங்கண்ல பாத்துப்போட்டேனுங்க. பால் வாங்கப் போற வழியில" என்றார் சூசை.

"சார் குடுத்த அட்டை?"

"அட்டை நல்ல அட்டைங்க."

மேனேஜர் அவரைத் திட்டித் தீர்த்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

அட்டையை இறக்கிவிட்டு உண்மையிலேயே வெறுங்கண்ணாலும் பார்த்தாரா? தெரியாது. அதற்குள் நான் தரையில் பிறைகளைப் பார்க்கத் திரும்பிவிட்டேன். பிறகு அவரிடம் கேட்கவும் இல்லை. அவராகவும் சொல்லவில்லை.

தொண்ணூற்றேழு ஏப்ரலில் பெரிய வால்நட்சத்திரம் வந்தது. வேலை முடிந்து, இருட்டும் நேரத்தில் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். அவர் வேண்டுமென்றே இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"நேராப் பாத்தா காணோமுங்க சார். கொஞ்சம் ஓரமாப் பாத்தா இருக்குது."

டெலஸ்கோப் வைத்திருப்பவர்களும் மங்கலான நட்சத்திரத்தை ஓரக்கண்ணால்தான் பார்ப்பார்கள் என்றேன். ஏன் சொன்னேனோ.

"அப்ப நானு பாஸாயிட்டேனுங்க" என்றார்.

இன்றும் மரத்தடியில் வெளிச்சம் வட்டம் வட்டமாக விழுந்து கிடந்தால் அதன்மேல் கால் வைக்க மாட்டேன். பேரப்பிள்ளைகள் கேலி செய்வார்கள். காரணம் சொன்னதில்லை.

நேற்று போனில் மகள் சொன்னாள். "அப்பா முன்னாலயே எழுதிக் குடுத்திருந்தாருங்க அங்கிள். வந்து கண்ணை எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"வலது கண்ணையுமா அம்மணி?"

"ரெண்டையுந்தானுங்க. அப்பாவுக்கு வெந்தது பின்னாடிங்களாம். முன்னாடி கருவிழி ரெண்டுமே நல்லாருக்குதுன்னாங்க." பிறகு கேட்டாள். "அன்னைக்கு நீங்களும் கூட இருந்தீங்களாமே, அங்கிள்?"

"இருந்தேன் அம்மணி."

அவ்வளவுதான் சொல்ல வந்தது.

சூசை... ஒன்பதாம் நம்பர் அட்டை நல்ல அட்டை இல்லைங்க.

போயிட்டு வாங்க.