குறட்டை விடாத தூக்கம்

போன வாரம் எதிர்வீட்டு செல்லையா அண்ணாச்சி போய்ச் சேர்ந்தார். ரிட்டயர்டு பஸ் டிரைவர். எண்பதைத் தாண்டி, பேரன் பேத்தி பார்த்து... கல்யாணச் சாவு! எங்கள் சங்கரன்கோவில் பக்கம் அப்படிப் போகிறவரைக் கொட்டு, வேட்டு, ஆட்டத்தோடு அனுப்புவதுதான் மரியாதை.

ஆனால் பெங்களூரிலிருந்து வந்த மகன் கார்த்தி என்ன செய்தான் தெரியுமா? கொட்டுக்காரர்களுக்குப் போன் போட்டு, வர வேண்டாம் என்றுவிட்டான்!

“டீசன்ட்டா அனுப்பணும் சித்தப்பா. நீங்க இங்கிலீஷ் வாத்தியார்தானே... டெத் பத்தி நல்ல போயம் ஒண்ணு வாசிங்க.”

டீசன்ட்டாம்! அண்ணாச்சி என்ன ஆபீஸ் மீட்டிங்குக்கா போகிறார்?

“கொட்டு இல்லாம அவுகள எடுக்க விடமாட்டேம்லே” என்று அண்ணாச்சியின் சம்சாரம், எங்கள் மதினி, அழுதார். மகன் காதில் வாங்கவில்லை.

எனக்கு எரிச்சல்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது? சர்வீஸ் முழுக்க இங்கிலீஷ் கவிதை நடத்தினேன் — ஒரு பயல் கேட்டதில்லை. இன்றைக்கு ஒரு தெருவே கேட்கப் போகிறது!

வீட்டுக்கு ஓடித் தேடினேன். இந்த இங்கிலீஷ் கவிஞர்களுக்குச் சாவோடு அப்படியென்ன பழக்கமோ... ஒருத்தர் அதை வாசலில் காத்து நிற்கும் கனவான் ஆக்குகிறார். இன்னொருத்தர் அதன் சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறார். மிச்சப் பேர், சாவு வெறும் தூக்கம் என்று போர்வையைப் போர்த்திவிடுகிறார்கள். தூக்கம்தான் வம்பில்லாதது. அதில் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

பந்தலில் வாசித்தேன். ஒருத்தருக்கும் புரியவில்லை.

“தமிழ்ல சொல்லும்வே” என்றார் ஒரு பெரியவர்.

சொன்னேன். “இவர் சாகவில்லை, தூங்குகிறார். சத்தம் போட்டு எழுப்பாதீர்கள்.”

மதினி சட்டென்று நிமிர்ந்தார்.

“யாரு, அவுகளா தூங்குதாக? அவுக தூங்கினா குறட்டைல ஓடு ஆடுமே! ஏன் வாத்தியாரே, தூங்க முடியலன்னு நீரே எத்தன தடவ சண்டைக்கு வந்திருக்கீரு!”

பெரியவர் சிரித்தார். அப்புறம் பந்தலே சிரித்தது. நானும்தான். அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே மதினி அண்ணாச்சி முகத்தைப் பார்த்து ராகம் இழுத்தார்.

“திருவேங்கடம் ரூட்டுல பஸ் ஓட்டுன ராசா... ஹாரன் அடிக்காம ஒரு வளைவு திரும்பமாட்டியளே... இப்ப சத்தமில்லாமப் போறியளே...”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் பாடம் நடத்திய கவிஞர்களில் பாதிப் பேர் சாவோடு பேசிக்கொண்டிருந்தார்கள். மதினிக்குச் சாவு யாரோ, எவனோ. அவர் தன் புருஷனோடு பேசினார்!

அதுவரை கூலிங் கிளாஸோடு விறைப்பாக நின்ற கார்த்தி, “அப்பா...” என்று உடைந்தான். மூக்கை உறிஞ்சியபடியே போனை எடுத்தான். “வேண்டாம்னேன்லாண்ணே... இப்ப வாங்க. எல்லாரும் வாங்க!”

வந்தார்கள். தெரு அதிர்ந்தது. கார்த்தி பெங்களூர் ஷூவோடு ஆடினான். டாக்டர் பத்திரம் என்று சொல்லியிருந்த முட்டியோடு நானும் ஆடினேன். மதினி வாசலில் நின்று கத்தினார்: “ஓங்கி அடிங்கய்யா! அவுகளுக்குக் காது கொஞ்சம் மந்தம்!”

கவிதையா? சட்டைப் பையில் தூங்குகிறது. தயவுசெய்து எழுப்பாதீர்கள்.