ஒற்றை மணி

எங்கள் பிளானோ வீட்டுச் சமையலறைச் சுவரில் வெள்ளைத் தொலைபேசி ஒன்று இன்னும் தொங்குகிறது. இணைப்பைத் துண்டித்து வருடங்களாகிவிட்டன. கழற்றிப் போடலாம் என்று கணவர் சொல்லும்போதெல்லாம் நான் எரிந்து விழுவதால் இப்போது அவர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை.

இரண்டாயிரமாவது வருடக் கோடையில் ஐஸ் ஹாக்கி இறுதித் தொடரில் நியூஜெர்சியும் டல்லாஸும் மோதின. அண்ணன் இருந்தது நியூஜெர்சியில், பிரிட்ஜ்வாட்டரில்; அதனால் அவர் கட்சி நியூஜெர்சி. டல்லாஸுக்குப் பக்கத்திலேயே குடியிருந்த எனக்கு வேறு கட்சி சேர வழியில்லை. ஈரோட்டில் வளர்ந்த எங்களுக்கு ஐஸ் என்றால் குச்சி ஐஸ்தான். ஆனால் கட்சி பிரிந்துவிட்ட பிறகு ஆட்டம் புரிய வேண்டுமா என்ன?

அண்ணி அப்போது ஊருக்குப் போயிருந்தார். அண்ணனுக்குச் சர்க்கரை, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்துவிடுகிற ஆள். தனியாக இருக்கிறாரே என்று எனக்கு உள்ளூர உதைப்பு. அதனால் ஓர் ஏற்பாடு. அவருடைய அணி கோல் போட்டால் ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைத்துவிடுவார். நான் எடுக்கக் கூடாது. எடுத்தால்தானே பில் ஏறும். "மணி அடிச்சா நான் நல்லாருக்கேன், உங்க டீம் நல்லால்லைன்னு அர்த்தம் அம்மிணி" என்பார்.

முதல் ஆட்டத்திலேயே ஒன்று என்னை உறுத்தியது. மணி முதலில் அடித்தது. பிறகுதான் எங்கள் டிவியில் கோல் விழுந்தது. "நம்மளது டிஷ், சிக்னல் லேட்டாத்தான் வரும்" என்றார் கணவர். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு பனித்தளத்தில் சும்மா நகர்ந்துகொண்டிருக்கும்போதே சுவரில் மணி ஒருமுறை அடித்து அடங்கும். இனி யார் தடுத்தும் பயனில்லை. நடக்கப்போவது தெரியாமல் எங்கள் கோல்கீப்பர் முகமூடிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டு நிற்பார்.

தொடரின் நடுவில் ஒரு மாலை, ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. திரையைப் பார்த்தபடி காத்திருந்தேன். கோல் விழவில்லை. வட்டு ஓரப் பலகையில் மோதித் திரும்பியது. விளம்பரம் வந்தது, போனது.

"உங்கண்ணன் அவசரப்பட்டுட்டார்" என்று இவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் பொய் மணி அடிக்கிற ஆளில்லை. ஏற்பாட்டை மீறி நானே அவரைக் கூப்பிட்டேன். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவர் வீட்டுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்குப் போட்டேன். "பயப்படாதீங்க, போய்ப் பாத்துட்டு கால் பண்றேன்" என்றார்.

கராஜில், காருக்கும் சுவருக்கும் நடுவே அண்ணன் நினைவில்லாமல் கிடந்திருக்கிறார். சர்க்கரை அடியோடு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் என்று டாக்டர் சொன்னதை ஆன்ட்டி என்னிடம் முழுதாகச் சொல்லவில்லை.

மறுநாள் அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். "நல்லவேளை ரிங் பண்ணினீங்கண்ணா" என்றேன்.

"நான் ரிங் பண்ணலையே அம்மிணி. மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே கராஜுக்குப் போயிட்டேன். அப்பறம் ஒண்ணுமே தெரியல."

கராஜில் போன் கிடையாது. ஆன்ட்டி உள்ளே போனபோது டிவிகூடப் போட்டிருக்கவில்லையாம். யாரோ ராங் நம்பர் என்று கணவர் முடித்துவிட்டார். இருக்கலாம். கடைசியில் கோப்பையை நியூஜெர்சிதான் வென்றது. எனக்குத் துளியும் வருத்தமில்லை.

அதற்குப் பிறகும் அண்ணன் நிறைய வருடம் இருந்தார். வீட்டில் ஆளுக்கொரு கைபேசி வந்த பிறகும் நான் சுவர் போனை விடவில்லை. அதைக் கண்டு பயந்தவள், போகப்போக அதையே நம்ப ஆரம்பித்திருந்தேன். அண்ணனுக்கு ஒன்றென்றால் அது எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடும். அவர் தூக்கத்திலேயே போய்ச்சேர்ந்த காலையில் நான் அதன் பக்கத்தில்தான் நின்று காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். செய்தி கைபேசியில் வந்தது. சுவரில் இருந்தது ஒரு மணிகூட அடிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்தக் கோபத்தில் இணைப்பைத் துண்டிக்கச் சொன்னவள் நான்தான். கழற்ற மட்டும் மனசு வரவில்லை. இப்போதும் நியூஜெர்சி ஆடினால், டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, காதை அதன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.