செய்யாத உதவிக்கு வந்த நன்றி

பாபுவின் வேலை போகவிருந்ததற்குக் காரணம் நான்தான். அவரோ, வேலையைக் காப்பாற்றியவன் என்று இன்றுவரை என்னைக் கும்பிடுகிறார். இதை உங்களிடம் மட்டும்தான் சொல்கிறேன்.

அம்பத்தூரில் எங்கள் நிறுவனம் ஏரிகளுக்கு அடியில் வைக்கும் கருவிகளைச் செய்கிறது. கம்பி கிடையாது, தண்ணீரின் தரத்தை ஒலியாகவே கரைக்கு அனுப்பும். தண்ணீருக்குள் ஒலி ரேடியோ அலை போலப் பறக்காது, சாவகாசமாகத்தான் வரும். ஒரு கருவி தகவல் அனுப்பினால், 'கிடைத்தது' என்று கரை பதில் சொல்லும்வரை மற்றவை வாய்மூடிக் காத்திருக்கும். பொழுதெல்லாம் அதிலேயே போனது. வேகத்தைக் கூட்டச் சொன்னார்கள். புரோகிராம் எழுதுபவன் நான்; அந்தக் காத்திருப்பையே வெட்டி எறிந்தேன்!

அதை ஏரியில் சோதித்திருக்க வேண்டும். வெயிலுக்குச் சோம்பி, கொட்டகையில் இருந்த சின்டெக்ஸ் தொட்டியில் சோதித்தேன். அந்தக் குறுகிய தூரத்தில் தாமதம் எங்கே தெரியும்? அருமையாக ஓடியது. ஏரியில் பார்த்தாகிவிட்டது என்று மேலாளரிடம் பொய் சொன்னேன்.

ஏரியில் இறக்கியதும் தகவல்கள் ஒன்றோடொன்று மோதிப் பாதி காணாமல் போயின. கருவிகளில் நீர் புகாதபடி மூடி பொருத்துபவர் பாபு. தண்ணீர் புகுந்துவிட்டதென்று பழி அவர்மேல் விழுந்தது. மேலாளர் அவரை வேலையைவிட்டு அனுப்பப் பார்த்தார். நானும் அந்த அறையில்தான் இருந்தேன்... உண்மையைச் சொன்னேனா? "கொஞ்சம் டைம் குடுங்க சார், நான் சரிபண்ணிப் பாக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு ஒவ்வொரு கருவியின் தூரத்தையும் கணக்கிட்டு, ஒன்றின் ஒலி வழியில் இருக்கும்போதே அடுத்தது புறப்படவும், கரையில் இரண்டும் மோதாமல் வரவும் நேரம் பிரித்துக் கொடுத்தேன். தகவல்கள் முழுதாக வந்தன, வேகமும் கூடியது. முதலில் கெட்டது எதனால் என்று யாரும் கேட்கவில்லை, பாபுவின் வேலையும் தப்பியது. பாபு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மட்டும் இல்லன்னா என் ஊட்ல அடுப்பே எரிஞ்சிருக்காது சார்."

நான் கையை விலக்கவில்லை.

அடுத்த மழைக்கு ஆவடியில் எங்கள் தரைத்தள வீட்டில் இடுப்பளவு தண்ணீர். நான் வேலையாகப் பெங்களூரில் இருந்தேன், அம்மா தனியாக. நான் யாரையும் அழைக்கும் முன்பே, லாரி டியூபைத் தள்ளிக்கொண்டு பாபு போயிருக்கிறார்.

"அம்மாவ இட்டுகினு வந்துட்டேன் சார். நம்ம ஊட்லதான் கீறாங்க, கவலப்படாதீங்க" என்றார் போனில். அங்கேயே உட்கார்ந்து அழுதேன். இன்று அம்மா என்னிடம் காபி கேட்கிறாள் என்றால், அது பாபு போட்ட பிச்சை.

அவரிடம் சொல்லிவிடலாமே என்பீர்கள். உண்மை தெரிந்திருந்தால் அன்று வந்திருப்பாரா? வந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்... அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒருநாள் அம்மா கேட்டாள்: "அந்தத் தம்பிக்கு அப்படி என்னடா பெருசா பண்ணுன?"

"வேலையில ஒரு சின்ன உதவிம்மா" என்றேன்.

அம்மா பெருமையாக என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.